தனியாக வந்த சர்க்கரை

1992 ஜூலை 14, செவ்வாய்.

நாளை கல்லூரிக்குப் பணம் கட்டக் கடைசி நாள். டிராஃப்ட் எடுக்க வங்கிக்குப் போனால் யார், எந்த ஊர் என்பார்கள். என்னிடம் ஓர் அடையாளத் தாளும் இல்லை. யாழ்ப்பாணத்தை மறைத்து, நான் குடியிருக்கும் இந்த லிங்கராஜபுரம் முழுக்க, சொந்த ஊர் ராமநாதபுரம் என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கார அங்கிளிடம் கேட்டேன். "குடுப்பா, என் பேர்ல எடுத்துடுறேன்" என்று பணத்தை வாங்கிக்கொண்டார். ஏன் என்று கேட்கவேயில்லை. அதுதான் உறுத்துகிறது.

பிறகு ஆன்ட்டி டீ கொண்டுவந்தார். பால் இல்லை. சர்க்கரை தனியாக ஒரு தட்டில். எங்கள் யாழ்ப்பாண வழக்கப்படி உள்ளங்கையில் சர்க்கரையை வைத்து நக்கியபடி நான் வெறும் தேத்தண்ணி குடிப்பது, கதவைச் சாத்திய பிறகு மட்டும்தான். எப்போது பார்த்தார்?

"உங்க ஊர்ல இப்படித்தானே குடிப்பீங்க?" என்றார். எந்த ஊர் என்று சொல்லவில்லை.

பயத்தில் சர்க்கரையைத் தொடாமலே குடித்து முடித்தேன். ராமநாதபுரத்துக்காரன் அதை எடுத்து டீயில் கலக்கியிருப்பான். இப்போதுதான் தோன்றுகிறது.