வண்டிக்கு என்ன நிறம்

திருத்தணி
நவம்பர் 6

அன்பு மகன் ஜெபசீலனுக்கு,

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் பார்த்துக்கொள்கிறார் என்ற தைரியத்தில் அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் பெபியும் நலம். என் முழங்கால் எப்போதும் போலத்தான். பெபி காலை ரயிலுக்கு அரக்கோணம் போய், டிக்கெட் கவுண்டரில் ஊர் வாயெல்லாம் கேட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வந்துவிடுகிறாள். குழம்பில் உப்பு கூடப் போடுகிறாள். உன் மனைவி என்பதற்காகச் சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்லிவிட்டேன்.

லீவு பாதியில் இருக்கும்போதே போன் வந்து நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நீ துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன பிளாஸ்டிக் டாங்கி சாப்பாட்டு மேசையிலேயே நிற்கிறது, சாம்பல் நிற அடிப்பூச்சு மட்டும் அடித்தபடி. அதன் மேல் கை வைக்காதே என்று நீ வாசலில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் அரைகுறை வேலையைப் பார்த்துக்கொண்டே மூன்று வேளையும் சாப்பிட என்னால் ஆகாது. எடுத்து அலமாரியில் வைக்கவும் மனம் வரவில்லை. ஆகவே நானே வண்ணம் பூசி முடிப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். கான்வென்டில் சிஸ்டர் அகஸ்தாவிடம் வாட்டர் கலர் கற்றவள் நான். காலை வேளையில் என் கை நடுங்குவதில்லை.

வண்டியின் நிறம் நம் இஷ்டம் இல்லை, அது நிற்கிற மண்ணின் இஷ்டம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். வயல் பக்கம் என்றால் கரும்பச்சை. பாலைவனம் என்றால் மணல் நிறம். பனி என்றால் மேலே வெள்ளையைத் திட்டுத்திட்டாகப் பூச வேண்டும். அசல் வண்டியின் நிறத்தை அப்படியே கையளவு வண்டிக்கு அடித்தால் கறுத்துப்போய்த் தெரியும், கொஞ்சம் வெளுப்பு கலக்க வேண்டும் என்றும் சொன்னாய். எல்லாம் நினைவிருக்கிறது. ஆகவே என் கேள்வி ஒன்றே ஒன்று. இந்த வண்டிக்கு என்ன நிறம்?

நீ எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அதை எழுதக்கூடாது என்று தெரியும். எந்த மூலையில் இருந்தாலும் ஒரே விலாசமாக ராணுவத் தபால் எண்ணைக் கொடுத்திருப்பதும் அதற்குத்தான் என்று தெரியும். இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரிக்கு என் வணக்கம். ஒரு தாய் பொம்மை வண்டியைப் பற்றிக் கேட்கிறாள், அவ்வளவுதான். பதிலுக்கு ஒரு நிறத்தின் பெயர் போதும்.

அரக்கோணத்துக் கடற்படை விமானம் ஒன்று இப்போது வீட்டுக்கு மேலே போகிறது. வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் அன்புத் தாய்,
ஜெபகுமாரி பிரபுதாஸ்


திருத்தணி
நவம்பர் 20

அன்பு மகனுக்கு,

உன் பதில் வழியில் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு அடுத்த கடிதத்தைத் தொடங்குகிறேன். உன் போன் அணைந்தே இருக்கிறது. வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்கள், அது முறைதான். என் போனை மட்டும் நான் எங்கே போனாலும், குளியலறை வாசல் வரை, எடுத்துக்கொண்டு போகிறேன்.

கிருத்திகைக் கூட்டம் தெருவை அடைத்துவிட்டது. காவடியும் மேளமும் ஆட்டோவும். எதிர்வீட்டு ஆதிகேசவன் டி.வி.யில் எல்லைச் செய்தி வந்தால் உடனே இங்கே ஓடி வருகிறார். தாலுகா ஆபீசில் ரிட்டையர் ஆனவருக்கு வேறு வேலை இல்லை. “பயப்படாதீங்க டீச்சரம்மா, அது வேற செக்டாருங்க” என்கிறார். எந்த செக்டாரில் என் மகன் என்று எனக்கே தெரியாதபோது இவருக்கு எப்படித் தெரியும்? காபி கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.

நீ பதில் போடாததால் கரும்பச்சை என்று நானே முடிவு செய்தேன். பச்சை என்றால் வயல், மரம், தண்ணீர் எல்லாம் இருக்கும் இடம். நீ அப்படி ஓர் இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ள எனக்கும் வசதியாக இருந்தது. உன் பெட்டியில் பச்சைப் புட்டி காய்ந்து போயிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிக்குப் பெயர் எழுதும் துரைக்கண்ணுவிடம் போனேன். மிலிட்டரி பச்சை வேண்டும் என்றதும் பிரஷைக் கீழே வைத்துவிட்டான்.

“இன்னாம்மா நீங்க, படிச்சவங்க. அந்தக் கலரு நம்ம வண்டிக்கு அடிக்கக்கூடாதும்மா. ஆர்டிஓ வண்டிய இழுத்துகினு பூடுவான். இன்னா வண்டி, காரா?”

கைப்பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, டாங்கியை அவன் பக்கத்திலிருந்த டீக்கடை ஸ்டூல் மேல் வைத்தேன். குனிந்து பார்த்தான். சுற்றி வந்து பார்த்தான். “இத்த இழுத்துகினு போக ஆர்டிஓவுக்கு நூலு வேணும்” என்றான். அதற்கு நானும் சிரித்துவிட்டேன். ஒரு சின்ன டப்பாவில் கலந்து கொடுத்தான். காசு வாங்க மாட்டேன் என்றான், கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அது எருமைத்தயிர் மாதிரி இருக்கிறது. அவன் கொடுத்த தின்னரைத் தாராளமாக ஊற்றி இளக்கினேன். லாரியின் தகரத்துக்கான தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும் என்று நீயும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. வண்டியின் வலது பக்கத்துச் சாமான் பெட்டியின் மூடி வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி போல வளைந்துவிட்டது. உடனே துடைத்தேன். மற்ற இடம் தப்பித்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வந்து நீ என்னைத் திட்டிக்கொள்ளலாம்.

வந்து திட்டு. அதற்காகவாவது சீக்கிரம் லீவு கேள்.

உன் தாய்,
ஜெபகுமாரி பிரபுதாஸ்


திருத்தணி
டிசம்பர் 1

மகனே,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது. இதில் கோபம் குறைவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் மேசையில் மறுபடி பச்சை கலந்துகொண்டிருந்தேன், இந்த முறை உன் பெட்டியிலிருந்த நீலத்தையும் மஞ்சளையும் சேர்த்து. பெபி எதிரே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பிரஷைத் தோய்த்து வண்டியிடம் கொண்டுபோகும்போது, தலையைத் தூக்காமலே, “பச்சை வேணாம் அத்தை. அங்க ஒரு புல்லு கூட கிடையாதுன்னு சொன்னாரு” என்றாள்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே தெரிந்தது. அவரைக்காய் தட்டோடு கீழே போயிற்று.

எப்போது சொன்னான் என்று கேட்டேன். பிறகு அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. நீ கிளம்பிப் போன வாரமே அவள் ஆபீஸ் போனில் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசியிருக்கிறாய். மலைக்கு வண்டி பழுது பார்க்கப் போகிற வொர்க்‌ஷாப் கோஷ்டியில் உன் கூட்டாளி குணசேகரன் பெயர் இருந்ததாம், அவன் மனைவிக்கு இது பேறு மாதமாம், அவனுக்குப் பதிலாக நீயாகவே பெயர் கொடுத்தாயாம். வெறும் கல்லும் பனியும் என்றாயாம். “அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாங்க, சத்தியம் பண்ணு” என்று அவளிடம் வாங்கிக்கொண்டாயாம். “நான் இன்னா அத்தை பண்றது, இவரு அங்கருந்து அழுவுறாரு” என்று அவள் அழுதாள்.

பட்டாளத்திலிருந்த உன் அப்பாவை மலைக்கு அனுப்பிவிட்டு, இருமலோடு திரும்பப் பெற்று, அந்த இருமலுக்கே பறிகொடுத்தவள் நான். நீ பட்டாளத்தில் சேர்ந்த அன்று வேதத்தின் மேல் உன் கையை வைத்து, நீயாக மலைக்குப் பெயர் கொடுக்க மாட்டாய் என்று சொல்லவைத்தேன். சொன்னாய். இப்போது கொடுத்துவிட்டாய். இரண்டு நாள் நான் இந்த வீட்டில் யாரிடமும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கும் போகவில்லை. ஆயரம்மா விசாரித்து ஆள் அனுப்பினார்கள், கால்வலி என்றேன். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தபடியே இருந்தேன், உட்கார முடியவில்லை.

நீ எனக்குக் கொடுத்த சத்தியம் ஒன்று. பெபி உனக்குக் கொடுத்த சத்தியம் ஒன்று. இரண்டையும் நடுவில் வைத்துக்கொண்டு நானும் அவளும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் கை உப்பு தவறியதற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது. அவள் பொய் சொல்லத் தெரிந்த பெண் இல்லை. அவளுக்கு அந்த வேலையைக் கொடுத்தது தவறு. இனிமேல் அவளிடம் பேச இரண்டு நிமிடம் கிடைத்தால் இரண்டையும் அவளோடு பேசு. என்னிடம் எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்பதில் அந்த நேரத்தைச் செலவழிக்காதே.

எனக்குக் கொடுத்த சத்தியத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேற்று ஜெபத்தில் கர்த்தரிடமும் சொல்லிவிட்டேன். அது உன்னைக் கட்டாது.

வண்டியை இன்று முடித்தோம். பெபிதான் நிறம் சொன்னாள். அடுப்புச் சாம்பலில் காபித்தூள் சிந்தியது போல, என்றாள். கலந்து கலந்து நான் காட்ட, இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நீ இரண்டு நிமிடத்தில் அவளுக்கு இவ்வளவு சொல்லியிருக்கிறாய். கடைசியில் ஒன்றைப் பார்த்து, “ஆங், இதான்” என்றாள். அதற்கு மேல் வெள்ளையை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தோம். நான் அதிகம் வெள்ளை வைக்கவில்லை. அங்கே அவ்வளவு பனி வேண்டாம்.

மகனே, உன் அப்பாவுக்கு மேலே இருக்கும்போதே மூச்சு வாங்கியிருக்கிறது. கூட இருப்பவர்கள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, கீழே இறங்கும் வரை டாக்டரிடம் சொல்லவில்லை. நீ அவரைப் போலவே நடக்கிறாய், அவரைப் போலவே நான் போகிறேன் என்று கை தூக்குகிறாய். இதில் மட்டும் அவரைப் போல இராதே. மூச்சு வாங்கினால் வாங்குகிறது என்று சொல். படுக்கவைத்தால் படு. இறக்கிவிட்டால் இறங்கி வா. யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் என் விலாசத்தைக் கொடு.

உனக்குச் சுவாசம் தந்தவர் அதை ஒவ்வொன்றாக எண்ணிக் காப்பாராக.

அம்மா