மணிச்சத்தம் கேளாதவளின் தெரு

என் தங்கமான அம்மாவுக்கு,

நம் தெருவைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து பள்ளிக்கூட வளைவுவரை ஜல்லி பரப்பி, மாடு பூட்டிய கல் உருளையை இழுத்து அழுத்தியிருக்கிறார்கள். வேலை முடியும்வரை வீடெல்லாம் தூசி. நீ இருந்திருந்தால் நாள் முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்திருப்பாய்.

இந்த வேலையில் உனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று நீ மார்க்கெட்டுக்குக் கிளம்பிப்போனாய். ரயிலைப் பிடிக்க ஓடிய குதிரை வண்டி வளைவில் உன் மேல் ஏறியது. குதிரை கழுத்தில் மணி இருந்தது, வண்டிக்காரன் கத்தியும் இருக்கிறான். தெருவே கேட்டது. உனக்கு மட்டும் கேட்கவில்லை. நான் சின்னவளாக இருந்தபோது உனக்கு வந்த காய்ச்சலோடு உன் காது போய்விட்டது என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியும். விசாரணைக்கு வந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

"மணி அடிச்சிருக்கு, சத்தமும் போட்டிருக்கான். அதுக்கு மேல அவன் என்னம்மா செய்வான்?" என்று என்னிடம் கேட்டார். உன் காதைப் பற்றிச் சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. தவறு உன்னுடையது என்று எழுதி முடித்தார்கள்.

அதன்பிறகுதான் முனிசிபாலிட்டியில் தெருவை அகலப்படுத்தப்போவதாகப் பேச்சு வந்தது. ஓரத்து வேப்பமரங்களையும் வெட்டப்போவதாகச் சொன்னார்கள். நம் பகுதி மெம்பர் துணிக்கடை அண்ணாச்சிதானே, பிள்ளைகளுக்குப் பாடம் முடித்துப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அவர் கடைக்குப் போனேன்.

"ரோடு வழவழன்னு ஆயிரும்மா. எல்லா வண்டிக்கும் பெரிய மணியாக் கட்டச் சொல்லியும் உத்தரவு போடுதோம். போதுமா?" என்றார்.

"எங்க அம்மாவுக்குக் காது கேக்காது, அண்ணாச்சி."

துணி அளந்துகொண்டிருந்த கை நின்றது. "அப்படியா? எனக்குத் தெரியாதே" என்றார்.

வழவழப்பான ரோட்டில் வண்டி இன்னும் வேகமாகத்தானே போகும் என்று கேட்டேன். வளைவில் இரண்டு பக்கமும் கல் நட்டுப் பாதையைக் குறுக்குங்கள், ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் நுழைய வேண்டும், ஆட்கள் கடக்கும் இடத்தில் சொரசொரப்பான கல்லைக் குறுக்கே பதியுங்கள், நடக்கிறவர்களுக்கு மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மேடை கட்டுங்கள் என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன்.

"ரோட்ட அகலமாக்கத்தாம்மா இந்த வேலையே. நீங்க குறுக்கச் சொல்லுதீங்க!"

ஆனாலும் மறுநாள் சாயங்காலம் பார்க்க வந்தார். வளைவில் நின்று கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டி பறந்து வந்தது. அண்ணாச்சி துள்ளி விலகினார். ஒரு செருப்பு சாக்கடைக்குள் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"மணி எனக்கு நல்லாக் கேட்டுச்சும்மா. கேட்டு என்ன செய்ய? ஒதுங்க இடம் எங்கன இருக்கு?"

அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கல் பதிக்கப்போகிறார்கள் என்றதும் வண்டிக்காரர்கள் நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவன் மாடசாமி. ஆம், உன் மேல் வண்டியை ஏற்றியவனேதான். விசாரணைக்குப் பிறகு அவன் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"கல்லுல குதிரைக்குக் கால் சறுக்கும்மா. பைய போனா ரயில் போயிருது. ஏறினவங்க எங்களத்தான் ஏசுதாங்க" என்றான்.

அவன் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் என் வாயில் வந்தது வேறு. "எங்க அம்மா உன்னத் திரும்பிப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

"பாக்கலம்மா. கடைசி வரைக்கும் பாக்கல. வாரை இழுத்துப் பிடிச்சேன், குதிர நிக்கல. நான் போடுத சத்தத்துக்கு ஏன் ஒதுங்க மாட்டுக்காங்கன்னு நினைச்சேன்."

"அவங்களுக்குக் காது கேக்காது."

அவன் தலைத்துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். "யாருமே எங்கிட்டச் சொல்லலியே" என்றான். கல் விஷயத்தை அதோடு விட்டுவிட்டான். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிரவு எனக்கு ஒரே நினைப்பு. நீ திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியென்றால் பயம் தெரியாமலே போனாயா, அம்மா?

வளைவில் கேட்டதெல்லாம் கிடைத்தது. கல் நட்டாயிற்று. மரங்களை வெட்டவில்லை, நடைமேடை அவற்றுக்குப் பின்னால் போகிறது. குதிரைக் கால் சறுக்காதபடி கல்லைக் கொத்திவிட்டுப் பதித்திருக்கிறார்கள். ரயிலுக்குப் போகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் முன்னதாகக் கிளம்புகிறார்கள். போன வாரம் ஒரு துரையின் மோட்டார் வண்டிகூட வந்தது. புஸ் புஸ்ஸென்று இரைந்துகொண்டு அதுவும் அங்கே பையத்தான் ஊர்ந்தது. மார்க்கெட் பக்கம் மட்டும் இப்படிக் கல் பதிக்கவில்லை. மற்ற மெம்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

நேற்றுத்தான் நீ விழுந்த அந்த வளைவில் நான் தெருவைக் கடந்தேன். அதுவரை பின்சந்து வழியாகவே பள்ளிக்குப் போய்வந்தேன். பாதித் தெருவில் கால் வைத்தபோது ஒரு வண்டி வந்தது. வண்டியில் மாடசாமி. கல்லுக்கு முன்னாலேயே நிறுத்தி, கீழே இறங்கிக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பைய போங்கம்மா, நான் நிக்கேன்" என்றான்.

நான் பதில் சொல்லாமல் கடந்துவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமா? அவனை மன்னித்துவிட்டேனா என்பது எனக்கே தெரியவில்லை.

இனி அந்த வழியாகத்தான் போவேன். மார்க்கெட் பக்கத்துக்காக அண்ணாச்சி கடைக்கும் போய்க்கொண்டே இருப்பேன். என்னைக் கண்டாலே அவர் வேலை இருப்பதுபோல் துணியை மடிக்க ஆரம்பித்துவிடுகிறார், போகட்டும். பின்னால் என்ன வருகிறதோ என்று யாரும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிற தெருவாக அது ஆகும்வரை விடமாட்டேன், அம்மா.

உன் வயிற்றில் பிறந்த ஒரே மகள்,
ஞானம்