பிரைட் ஃப்யூச்சர் யாருக்கு

கனகு அப்பாவுக்கு,

நேற்று திருநகர் மாப்பிள்ளை வீட்டார் நாற்காலிகளில், நீங்கள் கட்டிலில், நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தோம். கனகுவை மட்டும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. "மாப்ளைக்கு பிரைட் ஃப்யூச்சர் இருக்கு, இவளுக்கு இனி காலேஜ் எதுக்கு?" என்று சிரித்தீர்கள். நான் படித்தபோது எங்கள் டீச்சர் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் அந்த வார்த்தையைச் சொல்வார். எனக்கும் சொன்னார். அந்த வருசமே உங்களுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

காலேஜில் சேர இன்றுதான் கடைசி நாள். கனகுவை ஒத்தக்கடை காலேஜுக்குக் கூட்டிப்போகிறேன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இருக்கிறது. அப்பளம் வேண்டுமென்றால் நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள்.

அன்னக்கொடி

மிஞ்சின கேசரியை எறும்பு மொய்க்குமுன் தின்றுவிடுங்கள்.

இன்னொன்று. "எங்க பொண்ணுக்கு பிரைட் ஃப்யூச்சர் இருக்கு, வேற இடம் பாருங்க" என்று திருநகருக்குக் கடிதம் எழுதி ஒட்டிவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அது தபால்பெட்டிக்குள் விழுந்திருக்கும்.