கைப்பிடியில் மாம்பழ நிற நூல்

3-1-2006, செவ்வாய்
இனி ஊருக்குள் வண்டி ஓட்டிக்கொண்டே செல்லில் பேசினால் அபராதமாம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். கல்யாணத் தரகனுக்கு இது வாய்ப்பூட்டு. தோளுக்கும் காதுக்கும் நடுவே செல்லைச் செருகி ஓட்டியே என் கழுத்து இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. போட்டோ எடுப்பவர் "நேரா பாருங்க மயில்வாகனம் சார்" என்கிறார். நேராகத்தான் பார்க்கிறேன்.

5-1, வியாழன்
சாலைப் பாதுகாப்புக்குப் பட்டிமன்றம் வைக்கிறார்களாம், புதன்கிழமை. அந்தத் தடை தேவையா இல்லையா என்று. எனக்கு 'தேவையில்லை' அணி. பிள்ளையார்பாளையத்தில் வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

7-1, சனி
காலை ஆறரை. பனி. வண்டியில் போகும்போது என் அக்கா காந்தா செல்லில்: "அந்த பேங்க் மாப்பிள்ள தலையில இருக்கறது சொந்த முடி இல்லியாம்டா." நான் பேசி முடித்த இடம். தெரு திரும்புகையில் கைப்பிடியை ஏதோ வருடியது. துணிக்கொடி என்று நினைத்தேன். "எத்தினி வருஷமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன், முடியைப் பற்றி.

வீட்டில் நிறுத்தியபோதுதான் பார்த்தேன். பிரேக் கம்பியில் மாம்பழ நிறப் பட்டு இழைகள், அறுந்து, ஒரு பிடி.

திருஞானசம்பந்தம் வீட்டுப் பாவு. தறியில் ஏற்றுமுன் தெரு நீளத்துக்கு நூலை விரித்துச் சரிபார்ப்பார்கள். அந்த இடத்தில் எல்லாரும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவோம். இருபது வருஷமாக நானும்தான். இன்றைக்கு மட்டும்—

மாலை
பாவு விரித்த சம்பந்தம் வீட்டார் தெருவின் மறுகோடியில் நின்றிருக்கிறார்கள். பனியில் என்னைத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் வந்த பால்காரர் சின்னப்பையன்தான் கண்ணில் பட்டிருக்கிறார். சம்பந்தத்தின் மனைவி மங்கையர்க்கரசி சொன்னாளாம்: "முந்நூறு இழைபா. இனிமே உன் பாலு இந்தத் தெருவுக்கு வேணாம்."

என் மனைவி கமலவேணி வந்து சொன்னாள். "பாவம், அந்த ஆளு இல்லவே இல்லைனு அழுதுக்கினு நிக்கிறாரு." காபி ஆறிவிட்டது என்றேன்.

இழைகள் சட்டைப் பையில் இருக்கின்றன. ஏன் எறியவில்லை?

8-1, ஞாயிறு
சின்னப்பையன் கேனோடு தெருமுனையிலேயே நின்றார். யாரும் வாங்கவில்லை. நான் இரண்டு லிட்டர் வாங்கினேன். "இன்னாத்துக்கு இவ்ளோ பாலு?" என்றாள் கமலவேணி. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

9-1
மூன்று லிட்டர்.

11-1, புதன்
பட்டிமன்றம். 'தேவையில்லை' என்றுதான் ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிஷம் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சம்பந்தம் வீட்டுப் பாவ அறுத்தது சின்னப்பையன் இல்ல. நான்தான். செல் பேசிக்கினு வந்தேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பையிலிருந்து நூலை எடுத்துக் காட்டினேன். இன்னும் சிரித்தது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவைத்தே பழக்கினேன், யாரைக் குறை சொல்ல?

முன்வரிசையில் சம்பந்தம் மட்டும் சிரிக்கவில்லை. தன் நூல் அவருக்குத் தெரியாதா. எழுந்து போய்விட்டார்.

12-1, வியாழன்
விடிந்ததும் அவர் வீட்டு வாசலில் நின்றேன்.
"உனக்கு வாய் மட்டுந்தான்னு நெனச்சேன். விரலு இருக்குதா?"
"இருக்குது."
"முதல்ல சின்னப்பையன்கிட்ட நீயே போயி சொல்லு. அப்பறம் வந்து உக்காரு."

போனேன். சின்னப்பையன் கேனைக் கீழே இறக்கி வைத்தார். "அந்த மூணு லிட்டரு இதுக்குத்தானா சார்?"

13-1, வெள்ளி
அறுந்த நுனியோடு புது நூலைச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்கவேண்டும். காலையில் நாற்பது முடித்தேன். பதினொன்று அவிழ்ந்துவிட்டது. சம்பந்தம் அவற்றை மறுபடி முறுக்கினார்.

பையில் செல் ஆறு முறை அடித்தது.
"எடுக்கலியா?" நேற்றிலிருந்து மங்கையர்க்கரசி என்னிடம் பேசிய முதல் வார்த்தை.
"ரெண்டு கையிலயும் நூலு இருக்குதுமா."

வெளியே சின்னப்பையன் தெருவுக்குள் வந்து பால் அளந்துகொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு அரை லிட்டர்.