ஹீனாவின் இத்தாலிப் பை

ஜூலை 7, திங்கள்

இன்று லைனில் நாற்பத்திரண்டு ஜோடி ஷூ ரிஜெக்ட். எல்லாவற்றிலும் ஒரே குறை, மேல் பூச்சு உரிகிறது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார். குறையை நானா போட்டேன்? கண்ணில் பட்டதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கம்பெனியில் அதைத்தான் செய்கிறேன்.

நேற்று ஞாயிறு முழுக்க, சரி செய்ய என்று டெல்லியிலிருந்து வந்த ஒரு பழைய பையோடு போயிற்று. பெரிய கம்பெனிப் பெயர்தான், ஆனால் உள்ளே பூஞ்சை, எந்தக் காலத்து சென்ட்டோ, குடலைப் புரட்டுகிறது. "வாரத்துல ஆறு நாள் தோலு, ஏழாவது நாளும் தோலா? செத்த மாட்டுக்கு இன்னாடி இவ்ளோ சேவை" என்றார் இவர். சாந்தகுமாருக்கு லீவு நாள் என்றால் டிவியும் தூக்கமும். எனக்கு இது. கம்பெனியில் குறை கண்டால் ஒதுக்கித் தள்ளத்தான் முடியும், வீட்டில் உட்கார்ந்து சரி செய்ய முடிகிறது. அந்த சந்தோஷம் அவருக்கு எங்கே புரியப் போகிறது.

மத்தியானம் ஹீனா ஒரு பையைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவள் ஸ்டிச்சிங் பிரிவு. பதினெட்டு வருஷமாக ஒரே மேஜையில் சாப்பாட்டு டப்பா திறக்கிறோம். இந்தப் பையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. அவள் வீட்டுக்காரர் வக்கார் பாயை அவர் கம்பெனி ஒரு தடவை இத்தாலி கண்காட்சிக்கு அனுப்பியது. அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்தாராம். கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்ச் சேர்ந்தார். ஹீனாவுக்கும் மகள் ஆஃப்ரீனுக்கும் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

"ஆஃப்ரீன் நிக்காஹ் ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. அன்னிக்கு இத அவ கையில குடுக்கணும் பெர்ஸி. மேல மட்டும் பாரு. உள்ள ஒண்ணும் பண்ணாத, இன்னா?"

"தெரியும் போடி. எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

பையை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன். எப்போதும் செய்வதுதான். என்ன தோல்! கன்றுக்குட்டித் தோல், தொட்டால் கையை எடுக்க மனம் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் உட்கார்ந்தவள், எழுந்தது நாலு மணிக்கு. சோப்பு நுரையில் அழுக்கு எடுத்தேன். வறண்டுபோன தோலுக்குக் கண்டிஷனர் மூன்று முறை. ஓரமெல்லாம் வெடித்திருந்தது, எமரித் தாளில் தேய்த்து ஓரப் பெயின்ட் கொடுத்தேன். பித்தளைப் பூட்டுக்குப் புளிதான். எத்தனை பாட்டில் வாங்கினாலும் புளிக்கு ஈடில்லை.

லைனிங் துணியில் தேயிலைக் கறை மாதிரி ஒன்று. கை பரபரத்தது. உள்ளே ஒன்றும் பண்ணாதே என்றாளே என்று விட்டுவிட்டேன்.

ஒரு வேடிக்கை. உள்ளே தோலிலேயே ஒரு பாக்கெட் தொங்குகிறது. அதைத் தூக்கினால் தோலின் சொரசொர பக்கம். அதில் கறுப்பு மையில் உருதுக் கிறுக்கல்! எனக்கு உருது பேச வரும், வாசிக்க வராது. ஆனால் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, செலக்‌ஷன் குறி. தோல் பதனிடும் ஷாப்பில் ஒவ்வொரு தோலையும் விரித்து ரகம் பிரித்து, பின்பக்கம் மையால் குறி போடுவார்கள். பழைய ஆட்கள் உருதுவில்தான் போடுவார்கள். அப்படியென்றால் இது நம்ம பக்கத்துத் தோல். ஆம்பூரோ பேரணாம்பட்டோ. இங்கிருந்து இத்தாலிக்குப் போய், பை ஆகி, யாரிடமோ இருந்து, திரும்பவும் ஆம்பூருக்கே வந்திருக்கிறது.

கம்பெனியில் குறியோடு ஒரு துண்டு வெளிநாட்டுக்காரனிடம் போனால் என் கழுத்தில்தான் கத்தி. அந்தப் பழக்கத்தில் பஞ்சில் தின்னர் தொட்டுத் துடைத்தேன். லேசாகச் சாம்பல் நிறம் நின்றது, எமரித் தாள் போட்டேன். சுத்தமாகப் போய்விட்டது. ஹீனாவிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஜூலை 20, ஞாயிறு

முடிந்தது. இவரே வந்து பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். இருபத்தைந்து வருஷத்தில் என் வேலையைப் பார்த்து வந்த முதல் பரவால்லியே.

ஜூலை 21, திங்கள்

எப்படி எழுத.

டப்பா திறக்கும் முன்பே பையைக் கொடுத்தேன். "யம்மா, புதுசு மாதிரி பண்ணிட்டியேடி" என்று மடியில் வைத்துக்கொண்டாள். பூட்டைத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு உள்ளே கை விட்டு அந்தப் பாக்கெட்டைத் தூக்கினாள். பார்க்கவில்லை, விரலால் தடவினாள். முகம் மாறிவிட்டது.

"பெர்ஸி, இங்க எழுத்து இருந்துச்சே."

"அதுவா? தொடச்சிட்டேன்டி. அது வந்து—"

"அது என் பேருடி. அவர் எழுதினது."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். இத்தாலியிலிருந்து வந்த அன்று பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினாராம். உன் பேர் எழுதியிருக்கேன், யார்கிட்டயும் காட்டாதே என்றாராம். "நான் ஆலங்காயத்துல தமிழ் மீடியம். குர்ஆன் எழுத்து பாத்து ஓதுவேன், இந்த மாதிரி இழுத்து இழுத்து எழுதினா எனக்கு எங்க புரியும். ஆனா என் பேருன்னு தெரியும்ல? அவர் போனப்புறம் டெய்லி தொட்டுப் பாப்பேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் உள்ள ஒண்ணும் பண்ணாதன்னு சொன்னேன். சொன்னேன்ல பெர்ஸி?"

சொன்னாள். உள்ளே என்றால் லைனிங் என்று நினைத்தேன். நாங்கள் உள்ளே என்று சொன்னால் லைனிங்தான். தோலுக்குப் பின்பக்கம் என்றுதான் சொல்வோம். இதையெல்லாம் அவளிடம் சொல்லவா முடியும்?

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ரெண்டு அறை குடுத்திருந்தாக்கூட வாங்கியிருப்பேன். டப்பாவை மூடிக்கொண்டு பையைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ட்டா.

நான் இன்னா பண்ணிட்டேன், ஆண்டவரே.

ஜூலை 22, செவ்வாய்

ஹீனா லீவு. ஏழு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

செலக்‌ஷன் குறி என்று எந்தத் தைரியத்தில் முடிவு செய்தேன்? வாசிக்கத் தெரியாதவள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன, வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இருபத்திரண்டு வருஷமாகக் குறை பார்த்துப் பார்த்து இந்தக் கண்ணுக்கு எல்லாமே குறையாகத் தெரிகிறது.

மை திரும்ப வருமா என்று யூடியூப் முழுக்கத் தேடினேன். வராது. எமரித் தாள் வேறு போட்டிருக்கிறேன். எனக்கே தெரியாதா?

"நீயே ஒரு பேனா எடுத்து எழுதிக் குடுத்துடேன்" என்கிறார் இவர். உருது எழுதியே வளர்ந்தவளிடம் சொல்வது போல என்னிடம் சொல்கிறார். போய் டிவி பாருங்க என்றேன்.

பிறகு திடீரென்று ஞாபகம் வந்தது. போட்டோ! எட்டாம் தேதி எடுத்தேனே. பதினேழு படம். பதினாலாவதில் பாக்கெட் தூக்கியிருக்கிறது, எடுத்த அன்று நான் கவனிக்கவே இல்லை, எழுத்து முழுசாக இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, ஆனால் இருக்கிறது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். அழுதுவிட்டேன். இதை அப்படியே நகல் எடுத்து, நல்ல தோல் துண்டில் லேசரில் பதித்து அவள் கையில் கொடுப்பேன். அவர் கையெழுத்தேதான் அது. அவர் கை பட்டது இல்லைதான். ஆனாலும் ஏதோ ஒன்று.

ஜூலை 29, செவ்வாய்

பேரணாம்பட்டு தோல் ஷாப்பிலிருந்து சரக்கோடு தவ்ஃபீக் வந்தான். அங்கே செலக்‌ஷன் அவன்தான் பார்க்கிறான். எந்தக் கோடு எழுத்து, எது மை சிதறியது என்று கேட்டுக்கொள்ளலாமே, லேசர்காரனுக்குச் சொல்ல வேண்டுமே என்று போனைக் காட்டினேன்.

"இந்தப் பேரைக் கொஞ்சம் தெளிவா எழுதிக் குடு தம்பி."

பெரிதாக்கிப் பார்த்தான். சிரித்தான். "பேரா? இன்னாக்கா நீங்க. இது எங்க ஆளுங்க போடற குறிக்கா. தோயம், பீட் பே தாக். ரெண்டாம் ரகம், முதுகுல கறை. எங்க கெடச்சுது இது? பழைய மாஸ்டர் யாரோ போட்டது."

மூன்று தடவை படிக்கச் சொன்னேன். "ஹீனான்னு எங்கயாச்சும் இருக்கா பாரு."

"அதுக்கு நூன், நம்ம 'ன' எழுத்து, வேணும்க்கா. இதுல நூனே கிடையாது."

ஜூலை 30, புதன்

அடப்பாவி வக்காரு. உனக்கு உருது வாசிக்கத் தெரியும்ல? தோல் ஷாப்பிலேயே வளர்ந்தவன்தானே நீ. சந்தையில் நம்ம ஊர்க் குறியைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும், வாங்கியிருப்பாய். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் உன் பேர் என்று ஒரு போடு போட்டாய். எப்போதாவது உண்மையைச் சொல்லி அவளைச் சீண்டலாம் என்று இருந்தாயா? சொல்லாமல் போய்ட்டியே!

நான் பார்த்தது சரி. செலக்‌ஷன் குறியேதான். என் மேல் தப்பே இல்லை என்று காட்ட கையில் அத்தாட்சி இருக்கிறது. ஒரு போட்டோ, ஒரு தவ்ஃபீக், ஐந்து நிமிஷம், அவ்வளவுதான்.

அப்புறம்? நாலு வருஷமாக அவள் தினம் தடவிக்கொண்டிருந்தது ரெண்டாம் ரகம், முதுகில் கறை. இதை எந்த வாயால் சொல்வேன்?

ஆகஸ்ட் 6, புதன்

ஹீனா வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. ஸ்டிச்சிங் பெண்களோடு சாப்பிடுகிறாள். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. இன்று மீன் குழம்பு வைத்துக் கொண்டுபோனேன், அவளுக்குப் பிடிக்கும் என்று. அப்படியே திரும்பி வந்தது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சொல்லித் தொலையேன்டி. உன் மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சா மறுபடி பேசுவா" என்றார்.

"பேசுவா. ஆனா அவர் சொன்னது பொய்யின்னு ஆயிடுமே."

"செத்தவன் ஒரு பொய் சொன்னான். அதுக்கு உயிரோட இருக்கற நீ இன்னாத்துக்கு சாவற?"

சொல்லிடலாம் என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை கிளம்புகிறேன். அவள் முதுகைப் பார்த்ததும் நின்றுவிடுகிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சாயங்காலம் ஆஃப்ரீன் வந்தாள். கல்யாணப் பெண், கறுத்துப்போய் இருக்கிறாள்.

"அம்மி சரியாவே சாப்புட மாட்றாங்க ஆன்ட்டி. அந்த பேக்கைத் தொடவே மாட்றாங்க. நீங்க சரி பண்றதுக்கு முன்னாடி போட்டோ எடுப்பீங்கல்ல? அதுல எழுத்து இருந்தா குடுங்க. நான் உருது மீடியம்தானே, அப்பா எழுதின மாதிரியே பாத்து எழுதிடுவேன்."

போன் டீப்பாயின் மேல், எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது. நல்ல பிள்ளை. ஒரு நொடியில் வாசித்துவிடுவாள். படத்தைக் கொடுத்தால் அத்தோடு என் பழி தீர்ந்தது. மகள் வாயாலேயே தாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடும், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்.

"எடுக்கலம்மா" என்றேன்.

"ஒண்ணுகூடவா ஆன்ட்டி?"

"இல்லம்மா. இதுக்கு மட்டும் எடுக்கல."

கேட்டருகே ஆட்டோ நின்றிருந்தது. அதில் ஹீனா இருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். உள்ளே வர மனமில்லாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஆஃப்ரீன் போய்ச் சொன்னதும் இறங்கி வாசல் வரை வந்தாள். ஒரு மாதம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எவ எவளோ தூக்கி எறிஞ்ச பேக்குக்கெல்லாம் பத்து போட்டோ எடுப்பியே பெர்ஸி. என்னுதுக்கு ஒண்ணு எடுக்கத் தோணலியாடி உனக்கு?"

மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இவர் உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அந்தப் படத்தை அழித்தேன். அழித்தாலும் முப்பது நாள் குப்பையில் இருக்குமாம். அங்கேயும் போய் அழித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டெல்லிப் பை அப்படியே கிடக்கிறது. பூஞ்சை மறுபடி பூக்க ஆரம்பித்துவிட்டது. துணி போட்டு மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

கல்யாணப் பத்திரிகை வந்தது. ஃபினிஷிங், பேக்கிங், ஸ்டிச்சிங் எல்லாருக்கும் ஒரே கட்டாகக் கொண்டுவந்து செக்யூரிட்டியிடம் கொடுத்திருக்கிறாள். என் பெயரும் இருந்தது. கூப்பிட்டுவிட்டாளே! நான் எதிர்பார்க்கவே இல்லை. பச்சைப் பட்டு எடுத்து வைத்திருக்கிறேன். இவரும் வருகிறேன் என்கிறார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆஃப்ரீன் நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. சிவப்பு அவளுக்கு அத்தனை எடுப்பாக இருந்தது. கையில் ஜரிகை வைத்த புதுப் பர்ஸ். பத்தடி தூரத்திலேயே தெரிந்தது, ரெக்சின்.

பெண்கள் பக்கம் வாசலில் நின்று ஹீனா எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. கையைப் பிடிப்பாளோ, அழுவாளோ, நானும் அழுதுவிடுவேனோ என்று பயந்துகொண்டே போனேன்.

சிரித்தாள். "வாங்க, வாங்க. சாப்ட்டுத்தான் போகணும் நீங்க" என்றாள்.

எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.