ஓர் அடுப்பும் மூன்று குடும்பங்களும்

மார்ச் 3, செவ்வாய். நோர்வூட். காலையிலிருந்து தூறல்.

ஆய்வு நிறுவனப் பணிப்பாளருக்கு எழுத வேண்டியவை:

1. ஜனவரி 19: கள ஆய்வு. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மாரியாயியின் லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், மூன்று குடும்பங்கள், ஓர் அடுப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.
2. பெப்ரவரி 9: அச்சான அறிக்கையில் அது ஒரு குடும்பம். என்னிடம் எவரும் கேட்கவில்லை.
3. பெப்ரவரி 26: அவ்வறிக்கையை வைத்தே புதிய வீடுகளுக்கான பட்டியல் ஒட்டப்பட்டது. மாரியாயிக்கு ஒரு வீடு. மணமான இரண்டு மகன்களுக்கும் இல்லை.

கடிதத்தில் கோபம் தெரியக்கூடாது. குடைக் கம்பி உடைந்துவிட்டது.

மார்ச் 4, புதன். மழை இல்லை.

மாலையில் லயத்துக்கு. மாரியாயி கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

"எத்தன அடுப்புன்னு நீங்கதானேங்க கேட்டீங்க? ஒண்ணுன்னேன். பொய்யா சொல்ல முடியும்? விடிஞ்சா மூணு பொம்பளைகளும் பேரு குடுக்கப் பெரட்டுக்கு ஓடணும். ஆளுக்கொரு அடுப்பு பத்தவச்சா மலைக்கு யாரு போறது?"

இளைய மருமகள் செல்வி, தேநீரை நீட்டியபடி: "அடுத்த தடவ மூணு அடுப்பையும் பத்தவச்சிட்டு ஐயாவக் கூப்பிடுவோம் அத்த. பொகையில கண்ணத் தொடச்சிக்கிட்டே எண்ணட்டும்."

சிரித்தார்கள். நானும்.

வீடு இல்லையென்றால் செல்வியின் கணவன் பிள்ளைகளோடு கொழும்புக்குப் போய்விடுவானாம். அதைச் சொன்னபோது எவரும் சிரிக்கவில்லை. மேன்முறையீட்டுக்கு 13ஆம் திகதி வரை அவகாசம்.

மார்ச் 5, வியாழன். நல்ல வெயில். சட்டைகள் காய்ந்தன.

நிறுவனத்துக்குத் தொலைபேசி. உதவி ஆய்வாளர், மிகுந்த மரியாதையுடன்: "சேர், வழிகாட்டியில அப்படித்தானே இருக்கு. ஏழாம் பக்கம்."

அலமாரியிலிருந்து பழைய பிரதியை எடுத்தேன். 'ஒரே அடுப்பில் சமைத்து உண்போர் ஒரு குடும்பம்.' ஓரத்தில் திருத்தங்கள், என் கையெழுத்தில். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், சம்பள ஆய்வுக்காக நான் வகுத்த வரையறை. ஒரு சம்பளம் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று அறிய அது போதும். வீடுகளை எண்ண அல்ல.

நான் பிறந்த காம்பராவிலும் இரண்டு குடும்பங்கள், ஓர் அடுப்பு. எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை.



மார்ச் 6, வெள்ளி. பனி மூட்டம். தபாலகம் நாலரைக்கு மூடும்.

கடிதத்தில் நான்காவது முறைப்பாடாகச் சேர்த்தது: 'அவ்வரையறையை வகுத்தவன் நான். வீட்டுக் கணக்குக்கு அது பொருந்தாது என்று எழுதத் தவறினேன்.' பிறகு அதையே முதலாவதாக மாற்றினேன்.

இறுதிப் பந்தி:

'பிழை என்னுடையது என்பதால் திருத்தம் தாமதிக்க வேண்டியதில்லை. மாரியாயியின் காம்பராவில் மூன்று குடும்பங்கள் வசிக்கின்றன என்பதை உறுதிப்படுத்தி, 11ஆம் திகதி புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு முன் எழுத்துமூலம் பதில் தரவும். தொலைபேசிப் பதிலை ஏற்கமாட்டேன்.'