பாட்டிலில் மிச்சம் வைத்த தண்ணீர்

தங்கத்துக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பா சமத்தாக இருக்கிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. பிரோல் என்ற ரசாயனத்தை வைத்து ஆய்வகத்தில் நாங்கள் செய்த மஞ்சள் சாயம், தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமிருந்தால் சிவந்துவிடும். கிளம்பும்போது நீ கொடுத்த நம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க மனமில்லாமல் கொஞ்சம் வைத்திருந்தேன். சும்மா அதில் சோதித்தேன். ரத்தச் சிவப்பு! "இதையா வீட்ல குடிக்கிறீங்க?" என்று பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார்.

அந்த ஃபுளோரைடு பல்லிலும் எலும்பிலும் போய் உட்காருமாம். அப்பா கழுத்து திரும்பாமல், கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவாரே, வயசு என்றுதானே நினைத்தோம்? இப்போது ஆய்வகத்தில் யார் கூப்பிட்டாலும் நானும் அப்படியே திரும்புகிறேன்.

பயப்படாதே. காய்ச்சினாலும் போகாது, குடிக்க மட்டும் வேறு தண்ணீர் வாங்கு. பஸ் வந்துவிட்டது. பாப்பாவைச் சிரிக்க வைத்து ஒரு போட்டோ அனுப்பு. பல் நன்றாகத் தெரியட்டும்.